பதினோரு பேருக்கு வயிற்றுவலி

“வாசனை வருதுன்னு ஒரு பொம்பளையக் கொண்டு போய் ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்கீங்களா சார்?”

“வெறும் வாசனை இல்லை மேடம். மரத்தைப் பட்டுப்போக வைக்கிற பெருங்காயம். பதினோரு மரத்துலயும் ஓட்டை. பதினோரு ஓட்டையிலயும் பெருங்காயம். அந்தம்மா கடையில ஒரு டப்பா பெருங்காயம். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? மரமே வந்து சாட்சி சொல்லணுமா?”

“சொன்னா நல்லாத்தான் இருக்கும்.”

“நக்கலா?”

“எனக்கு ஜலதோஷம் சார். பாய், நீங்க கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்க.”

முஸ்தபா பாய் முனகிக்கொண்டே மரத்தடியில் மண்டியிட்டார். ஐம்பத்து நான்கு வயதில் அவருடைய முழங்கால்கள் எந்த வேலைக்கும் மனு கொடுத்தால்தான் இணங்கும். மரத்தின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. மூக்கை அருகே கொண்டு போனவர் அடுத்த நொடியே பின்னால் சாய்ந்தார்.

“யா அல்லா! எங்க ஊட்ல பட்டை, கிராம்புக்குப் பழகின மூக்கு மேடம் இது. நூறு ஊட்டு ரசத்த ஒரே அண்டாவுல காய்ச்சின மாதிரி கீது.”

“ஓட்டைக்குள்ள வேற ஏதாவது தெரியுதா?”

“இருட்டு தெரியுது. சுத்தி எறும்பு. என் காலு மேல ஏறிக்கினு போவுது. ஓட்டைக்குள்ள மட்டும் ஒண்ணும் போவல. அதுங்களுக்குக் கீற புத்தி எனக்கு இல்ல.”

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. அவள் எப்போதும் சிரிப்பதில்லை. செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் இருந்தது. வயது இருபத்தொன்பது. துப்பறிவது அவள் வேலை. கார் ஓட்டுவதும், ஓட்டாத நேரத்தில் வாயை ஓட்டுவதும் முஸ்தபா பாயின் வேலை. பழவேற்காட்டில் இருபது வருஷம் இறால் ஏலத்தில் கத்திப் பழகிய வாய் அது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்கோடியில், இரும்பு உருக்காலைகளின் மதில்கள் முடிகிற இடத்தில், ஐந்து ஏக்கர் தரிசு கிடந்தது. அதன் ஓரமாக வரிசையாக நின்ற பதினோரு பெரிய இலுப்பை மரங்களில் ஓர் இலை கிடையாது. பங்குனி வெயிலில் அவை, யாரோ பூமியிலிருந்து பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டுப் போன வேர்களைப் போல் தெரிந்தன. வானத்தில் வேரோடிய மரங்கள். அவற்றுக்கு முன்னால் புத்தம் புதிய பச்சைப் பலகை: ‘அரசு மானியத்தில் அமையவிருக்கும் நகர்ப்புறக் காடு.’

இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தவர் ஹேமநாத். பக்கத்து உருக்காலையின் மேலாளர். இந்தக் காட்டை உருவாக்கப் போகிற பசுமைக் குழுவின் செயலாளர். போலீஸில் புகார் கொடுத்தவரும் அவர்தான்.

“பத்து நாள் முன்னாடி அந்த சம்பூர்ணத்தைக் கடையை எடுக்கச் சொன்னேன்,” என்றார் அவர். “எல்லார் முன்னாடியும் கத்துச்சு. ‘எனக்கு இல்லாத நிழல் எவனுக்கும் வேணாம்’னு. அடுத்த வாரமே மரம் மொட்டை. போதுமா?”

“மரம் செத்ததுல சம்பூர்ணத்துக்கு என்ன லாபம்? நிழல்லதானே டிபன் கடை போட்டிருக்காங்க?”

“வயித்தெரிச்சலுக்கு லாபம் எதுக்கு?”

“உங்களுக்கு லாபம் இருக்கே சார்.” தேவதர்ஷினி கைப்பேசியைத் திறந்து நிதானமாகப் படித்தாள். “போன ஐப்பசியில உங்க விண்ணப்பம் திரும்பி வந்திருக்கு. ‘முதிர்ந்த மரங்களின் நிழல் ஏற்கெனவே உள்ளதால், இவ்விடம் மீட்புக்கான மானியத்துக்குத் தகுதியற்றது.’ இப்போ நிழல் இல்லை. நாளைக்குக் காலையில மறு ஆய்வு. சரியா?”

ஹேமநாத்தின் முகம் அவருடைய ஆலையின் உலைக்கதவு போலச் சிவந்தது.

“அதனால நானே மரத்தைக் கொன்னுட்டேங்கறீங்களா? அஞ்சாயிரம் பீஸ் நட வந்தவன் நான்! பதினோரு பீஸைக் கொல்லுவேனா?”

“எண்ணிக்கை உங்களுது சார். நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன்.”

தூரத்தில் குழி தோண்ட வேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி, குரல் உயர்வதைக் கேட்டு வேகமாக வந்தார். கதர்ப் புடவை, ரப்பர் பூட்ஸ், கை முழுக்க வெள்ளை. குழுவில் நடவு வேலையெல்லாம் அவர் பொறுப்பு. பெயர் நர்மதா, கவரைப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை.

“இங்க எதுக்குச் சண்டை? வழக்கை நீங்க கோர்ட்டுல பார்த்துக்கோங்க. எனக்கு நாளைக்கு ஆய்வு நடக்கணும். நர்சரியில கன்னுங்க எல்லாம் பையிலயே நிக்குது. ஐயாயிரம் பேர் மேடம்! வேர் சுத்திக்க ஆரம்பிச்சாச்சு. இந்தக் கோடை தாண்டாது.”

“மரம் செத்துப் போச்சேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லையா டீச்சர்?”

நர்மதா இலுப்பைகளைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தார்.

“வருத்தப்பட நேரம் இல்லை.”

தேவதர்ஷினி குனிந்து, மரத்தடியில் உதிர்ந்து கிடந்த ஒரு காய்ந்த வில்லையை எடுத்தாள். துளையை மூடியிருந்த பூச்சு அது. போலீஸ்காரர்கள் பெயர்த்துப் போட்டது. செம்மண், சாணி, நடுவே மங்கலாக மஞ்சள். அதைக் கைக்குட்டையில் மடித்தாள்.

“பாய், உங்களுக்கு முழங்கால்ல அடிபட்டா பீவி மஞ்சள் பத்து போடுவாங்க இல்ல?”

“போடுவா. போடும்போதே இன்னும் நாலு அடி குடுப்பா. ஏன் மேடம்?”

“சும்மா.”

“எட்வர்ட்!” என்று கத்தினார் ஹேமநாத். ஆலையின் காவலாளி ஓடி வந்தான். “இவங்களை ரோடு வரைக்கும் கொண்டு விடு. திரும்பி வந்தா உள்ள விடாதே. அந்தத் தாத்தாவையும்தான்.”

“தாத்தாவா?” முஸ்தபா பாய் நின்றார். “சார், உங்க தலையில கீற முடிய விட என் தலையில ஜாஸ்தி கீது. அந்தப் பதினோரு மரத்துக்கும் உங்களுக்கும் இப்ப ஒரே கெட்டப்பு.”

எட்வர்ட் சிரிப்பை அடக்கியதில் அவன் வாயிலிருந்த விசில் லேசாகக் கீச்சிட்டது.

*

காவல் நிலையத்து வராந்தாவில் சம்பூர்ணம் இரண்டு கால்களையும் மடக்கி பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தாள். பயந்து போன ஒரு பெண்ணை எதிர்பார்த்துப் போன முஸ்தபா பாய்க்கு ஏமாற்றம்தான்.

“நீங்க யாரு?”

“உங்க பொண்ணு பானு அனுப்பினாங்க. துப்பறியறவங்க.”

“துப்பறியறவங்களா? வக்கீல இட்டாடின்னா வேடிக்கை பாக்கறவங்கள இட்டாந்து உட்டுகீறா. அஞ்சு மணிக்கு என்னைய மாஜிஸ்ட்ரேட் கிட்ட கொண்டு போவப்போறாங்களாம். கடைய நாளைக்கு ஜேசிபி வெச்சு வாரப்போறாங்களாம். நீங்க இன்னா, அத்த ஒரு ஓரமா நின்னு பாக்கப்போறீங்களா?”

“‘எனக்கு இல்லாத நிழல் எவனுக்கும் வேணாம்’னு சொன்னீங்களா?”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன். எங்க ஊட்டுக்காரர அம்மியில வெச்சு நசுக்கிடுவேன்னு தெனமும் சொல்றேன். அந்தாளு இன்னும் முழுசாத்தான் கீறாரு. கோவத்துல பேசறதுக்கெல்லாம் கேசு போட்டா இந்தக் கும்மிடிப்பூண்டியில ஒரு பொம்பள வெளிய இருப்பாளா?”

“கடை போட்டு எத்தனை நாள் ஆச்சு?”

“ஆவணியில போட்டேன். ஏழு மாசம். மொத நாளு அந்த நெழலப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன். கொட்டாயே தேவையில்ல, அப்பிடி ஒரு நெழலு. போன வாரம் ஒண்ணொண்ணா இலை உழுதுக்கினே கீது. நாஷ்டா துன்றவன் தட்டுல உழுது. கூட்டிக் கூட்டிக் கை ஒடிஞ்சு போச்சு. அப்பால பாத்தா, மரமே செத்துப் போச்சு, நீதான் சாவடிச்சேங்கறாங்க.”

கண்ணை மட்டும் அவள் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“உங்க டப்பாவுல இருந்தது என்ன பெருங்காயம்?”

“தூளு. சாம்பாருக்கு வேற இன்னா போடுவாங்க? மஞ்ச டப்பா. அத்துல பாதி மாவு. எறும்பு மொய்ச்சு மொய்ச்சு பேஜாரு. ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி அது நடுவுல டப்பாவ வெச்சிருப்பேன். போலீசு எடுத்துக்கினு வரும்போது அந்தக் கிண்ணத்தையும் சேத்து எடுத்துக்கினு வந்துட்டாங்க. தடயமாம். தண்ணி!”

தேவதர்ஷினி மெதுவாக முஸ்தபா பாய் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவருக்கு இரண்டு வருஷப் பழக்கத்தில் தெரியும். இப்போது அவர் ஏதோ புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டார், அல்லது சொல்லி முடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது.

“எறும்பு,” என்றாள் அவள்.

“என் கால்ல ஏறிச்சு. ஓட்டைக்குள்ள...” பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். “ஓட்டைக்குள்ள போவல! மாவு இல்ல மேடம் அது. சுத்தமான சரக்கு.”

“டிபன் கடைக்காரங்க யாரும் சுத்தமான பெருங்காயம் வாங்க மாட்டாங்க. அதை விக்கற கடையும் ஊருக்கு ஒண்ணுதான் இருக்கும். வாங்க.”

“ஏம்மா,” என்று பின்னாலிருந்து கத்தினாள் சம்பூர்ணம். “போற வழியில வக்கீல் யாராச்சும் இருந்தா அனுப்பி உடு!”

*

பஜார் தெருவில் ரங்கசாமியின் நாட்டு மருந்துக் கடை ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. உள்ளே ரங்கசாமி, அவரைச் சுற்றி இருநூறு இழுப்பறைகள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்த பார்வையில், நோயாளிகளை விட நோய்களின் மேல் அவருக்கு மரியாதை அதிகம் என்று தெரிந்தது.

“மாவு கலக்காத பால் பெருங்காயம் இருக்கா?” என்று கேட்டாள் தேவதர்ஷினி.

“யாருக்கு இன்னா ஒடம்பு?”

“ஒடம்பு இல்ல. மரம்,” என்றார் முஸ்தபா பாய். “மரத்த சாவடிக்க.”

ரங்கசாமி எழுந்து நின்றார். குரல் தெருவுக்கே கேட்டது.

“போ நைனா! போயிடு! மரத்துக்குன்னு வர்றவனுக்கு எல்லாம் நான் விக்கறதே இல்ல. பக்கத்து ஊட்டுக்காரன் தென்னமரத்த சாவடிக்கணும்னு வாங்கினு போவான். ரெண்டு மாசம் கழிச்சு, மரம் இன்னும் பச்சையா நிக்குது, என் துட்டத் திருப்பிக் குடுன்னு சண்டைக்கு வருவான். எங்க அப்பா காலத்துல இருந்து அறுவது வருஷம். பெருங்காயத்துல ஒரு மரமும் சாவல. கடைப்பேருதான் செத்துக்கினு கீது!”

“பெருங்காயம் போட்டா மரம் சாகாதா?” தேவதர்ஷினியின் குரலில் முதல் தடவையாக ஆச்சரியம்.

“வயித்துக்குள்ள கீற வாயுதான் சாவும்.”

“இந்த மாசம் யாராவது அதிகமா வாங்கினாங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? நீங்க இன்னா போலீசா?”

“போலீஸ் இல்லை. ஆனா இப்போ ஒரு அம்மா போலீஸ்ல இருக்காங்க. உங்க சரக்கால மரம் செத்துப் போச்சுன்னு அவங்க மேல கேஸ். நீங்க பேசலைன்னா, ரங்கசாமி கடைப் பெருங்காயம் பதினோரு மரத்தைக் கொன்னுதுன்னு கோர்ட்டுல எழுதுவாங்க. அப்புறம் மரத்தைச் சாகடிக்க நினைக்கிற ஆளுங்க எல்லாம் உங்க கடை வாசல்லதான் நிப்பாங்க.”

ரங்கசாமி உட்கார்ந்தார். மனக்கண்ணில் அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும்.

“மாசி பொறந்ததும் ஒரு பொம்பள வந்துச்சு. ஸ்கூட்டர்ல. மூஞ்சிய துப்பட்டாவால சுத்திக்கினு, கையில உறை மாட்டிக்கினு. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. பால் பெருங்காயம் பதினோரு உருண்டை, எல்லாம் ஒரே அளவுல வேணும்னுச்சு. மரத்துக்கான்னு கேட்டுட்டுத்தான் குடுத்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“இல்லீங்க, வயித்துவலின்னாங்க. யாருக்குன்னேன். ‘பதினோரு பேருக்கு’ன்னு சொல்லிச்சு. சொல்லும்போதே அந்தக் கண்ணுல தண்ணி. பாவம், ஊட்ல எல்லாரும் படுத்துக்கினு கீறாங்க போலன்னு நானே ரெண்டு சுக்கு சேத்து கட்டிக் குடுத்தேன்.”

“பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல வயித்துவலியா?” முஸ்தபா பாய் வியந்தார். “இன்னாத்த ஆக்கிப் போட்டாங்களோ. மேடம், ஹேமநாத்துக்குப் பொண்டாட்டி கீறாங்களா? அவருதான் ஊட்டம்மாவ அனுப்பிருப்பாரு. அழறதும் அதுக்குத்தான். அந்த மூஞ்சியத் தெனமும் பாத்தா நான் கூட அழுவேன்.”

தேவதர்ஷினி கடை வாசல் பக்கம் திரும்பினாள். புறப்படும்போது ரங்கசாமி கேட்டார்:

“ஆமா, இன்னா மரம்?”

“இலுப்பை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. பிறகு வயிறு. இருநூறு இழுப்பறைகளும் சேர்ந்து சிரிப்பது போல் இருந்தது.

“பங்குனியிலயா? இலுப்பைய சாவடிச்சுட்டாங்களா? போ நைனா, போய் மரத்தையே கேளு!”

*

கார் மேம்பாலத்தில் ஏறும்போது மணி மூன்றரை. லாரிகளுக்கு நடுவே வழி தேடிக்கொண்டே முஸ்தபா பாய் ஹேமநாத்தைக் கைது செய்யும் காட்சியை மனத்துக்குள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டார். மூன்றிலும் விலங்கு மாட்டியது அவர்தான்.

“பாய், பழவேற்காட்டுல படகை எப்படி எண்ணுவாங்க?”

“ஒண்ணு, ரெண்டுன்னுதான். வேற எப்பிடி?”

“கரையில பத்து படகு நிக்குது. எத்தனை நிக்குதுன்னு ஒருத்தர் கேட்கறாங்க. ‘பத்து பேர்’னு சொல்லுவீங்களா?”

“படகு இன்னா மாமனா, மச்சானா? பத்து பேருன்னா மனுசங்கதான். ஆடு, மாட்டக் கூட யாரும் பேருன்னு...”

அவர் நிறுத்தினார். முன்னால் போன லாரி சிவப்பு விளக்கு காட்டியதைக் கவனிக்காமல் போய், கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார்.

ஹேமநாத்துக்குச் செடிகள் பீஸ். அஞ்சாயிரம் பீஸ், பதினோரு பீஸ். இரும்புக் கம்பி எண்ணுகிற வாய். ஆனால் இன்று காலை சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்த ஒருத்தர், பையில் நிற்கிற கன்றுகளை எப்படிச் சொன்னார்?

“ஐயாயிரம் பேரு,” என்றார் முஸ்தபா பாய் மெல்ல. “டீச்சரம்மா!”

“மரத்தை ‘பேர்’னு எண்ணறவங்க இந்த ஊர்லயே ஒருத்தர்தான் இருப்பாங்க. பொய் சொல்லும்போது கூட அந்த வார்த்தை மாறலை.” கைக்குட்டையைப் பிரித்தாள். “இது அடுத்தது. செம்மண், சாணி, மஞ்சள். கிளை வெட்டின இடத்துல சீழ் பிடிக்காம இருக்கப் பூசறது. விஷம் வைக்கிறவன் ஓட்டையை மண்ணைப் போட்டு அடைச்சுட்டு ஓடுவான். இவங்க வலிக்குமேன்னு பத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க. பதினோரு தடவையும்.”

“மரத்து மேல உசுரையே வெச்சிருக்கிற பொம்பள, மரத்த ஏன் மேடம் சாவடிக்கணும்?”

“அதைத்தான் கேட்கப் போறோம்.”

*

எட்வர்ட் அவர்களைத் தடுக்கவில்லை. காலையில் சிரித்ததற்கான கடனை ஒரு பக்கம் திரும்பி நின்று தீர்த்துக்கொண்டான். ஹேமநாத் இல்லை. நர்மதா மட்டும் வெயிலில் குனிந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து ஏக்கர் முழுவதும் வெள்ளை வட்டங்கள். நிலவை யாரோ ஆயிரம் துண்டாகத் தரையில் அடுக்கி வைத்தது போல.

“டீச்சர், பதினோரு பேருக்கும் வயித்துவலி சரியாயிடுச்சா?”

நர்மதா நிமிரவில்லை. கையிலிருந்த சுண்ணாம்பு ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்தது.

“சிரிச்சாரா அந்தக் கடைக்காரர்?” என்று கேட்டார்.

“கடைசியில சிரிச்சார்.”

“சிரிக்கட்டும். எல்லாரும் சிரிங்க.” அவர் நிமிர்ந்தபோது முகத்தில் பயம் இல்லை; கோபம்தான். “இந்த ஊர்க் காத்தை ஒரு நாள் சுவாசிச்சிருக்கீங்களா நீங்க? என் வகுப்புல நாற்பது பிள்ளைங்க, பதினாறு பேர் பையில இன்ஹேலர். ஐயாயிரம் மரம் வேணும்னு மூணு வருஷம் நாயா அலைஞ்சேன். பதினோரு மரம் இருக்கு, அதனால காடு கிடையாதுன்னு ஒரு காகிதம் வந்துது. ‘மரம் இருக்கறதால மரம் நடக் கூடாது.’ இதுக்கு நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க.”

“சம்பூர்ணத்தை உள்ளே அனுப்பணுமா?”

“அவங்களை நான் மாட்டி விடலை. அது ஹேமநாத் பண்ணினது.”

“நீங்க வாயைத் திறக்கலை.”

“திறந்தா நாளைக்கு ஆய்வு நின்னுடும். அவங்க ரெண்டு நாள்ல ஜாமீன்ல வந்துடுவாங்க. அந்தக் கன்னுங்களுக்கு யார் ஜாமீன் குடுப்பா?”

முஸ்தபா பாய்க்கு எந்த நக்கலும் வரவில்லை. அந்தப் பெண் அதை மனதார நம்பிச் சொன்னதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“அந்தம்மா ஊட்ல அடுப்பு எரியல டீச்சர்,” என்றார். “அவங்களும் ஒரு ஆளுதான். உங்க கணக்குல ஒரு பேரு.”

நர்மதா குவிந்து கிடந்த சுண்ணாம்பைக் கையால் அள்ளினார்.

தேவதர்ஷினி முதல் இலுப்பை மரத்துக்குப் போனாள். தாழ்ந்திருந்த ஒரு கிளையில், சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியைப் பட்டென்று ஒடித்தாள். ஒடிந்த முனையில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் திரண்டு, கனத்து, அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“செத்த உடம்புல ரத்தம் வருமா டீச்சர்?”

நர்மதா வெறித்துப் பார்த்தார்.

“பாய், உங்க குடையால அந்தக் கிளையை வளைங்க.”

முஸ்தபா பாய் குடைக் கொக்கியைப் போட்டு, இன்னும் நீண்ட ஒரு கிளையைத் தன் கண்ணுக்கு நேராக இழுத்துப் பிடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் விறகு. ஆனால் நுனியில், பழுப்பு மூடியைத் திறந்துகொண்டு, தாமிர நிறத்தில், பிறந்த குழந்தையின் நகம் போல ஐந்தாறு துளிர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து நுனியிலும். அதற்கடுத்ததிலும்.

“மாசியில இலை எல்லாம் கொட்டிடும். பங்குனியில துளிர்க்கும். இலுப்பை வருஷா வருஷம் பண்றதுதான் இது,” என்றாள் தேவதர்ஷினி. “அந்தக் கடைக்காரர் சிரிச்சதும் வர்ற வழியில படிச்சுப் பார்த்தேன். நீங்க கன்னு வளர்க்கக் கத்துக்கிட்டீங்க. கிழட்டு மரத்தோட வாழ்ந்ததில்லை. சம்பூர்ணம் கடை ஆவணியில வந்துது. ஹேமநாத்துக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். பெருங்காயம்னதும் இந்த ஊரே மரம் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிடுச்சு. ஒருத்தரும் ஒரு குச்சியை ஒடிச்சுப் பார்க்கலை. இங்க கொலையே நடக்கலை டீச்சர்.”

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், செத்துவிட்டதாக எழுதப்பட்ட நான்கு பேரை உயிரோடு பிடித்தவள் அவள் என்பது முஸ்தபா பாய்க்குத் தெரியும். ஆனால் அவர்களில் எவருக்கும் தளிர் விட்டதில்லை.

நர்மதா கிளையருகே வந்தார். சுண்ணாம்பு படிந்த விரலால் ஒரு துளிரைத் தொட்டார். தொட்டதும் அவர் முகம் உடைந்தது. அழுகையா, சிரிப்பா என்று பாய்க்குப் பிடிபடவில்லை.

“பதினோரு பேருமா?”

“பதினோரு பேரும்.”

“நல்லவேளை,” என்றார் நர்மதா. “நல்லவேளை. ராத்திரியெல்லாம் நான்...” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மரத்தின் அடியில் உட்கார்ந்து, அந்தத் துளைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

தேவதர்ஷினி கைப்பேசியை உயர்த்தித் துளிர்களைப் படம் எடுத்தாள். சம்பூர்ணத்தை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்த எஸ்.ஐ. மோகன்ராஜின் எண்ணைத் தேடினாள். மரம் சாகவில்லை என்ற ஒரே படம் போதும். சம்பூர்ணம் மாலை பாத்திரம் கழுவ வீட்டுக்குப் போய்விடலாம். மணி நாலே கால்.

கைப்பேசியின் அந்தச் சின்ன ‘க்ளிக்’ சத்தத்தில் நர்மதா தலை நிமிர்ந்து, எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். மேலே கிளைகளைப் பார்த்தார். பச்சைப் பலகையைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த ஈரம் காயவே இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ எண்ணத் தொடங்கிவிட்டது என்று முஸ்தபா பாய்க்குத் தோன்றியது.

“இந்தப் படம் மானிய ஆபீசுக்குப் போனா, மறுபடி நிழல் இருக்குன்னு எழுதுவாங்க,” என்றார் நர்மதா. குரல் மெதுவாக, வகுப்பில் பாடம் சொல்வது போல் வந்தது. “மேல இன்னும் துளிர் வரலை. கீழ்க் கிளையில மட்டும்தான் வந்திருக்கு. கைக்கு எட்டுறதுதான்.”

“டீச்சர்,” என்றாள் தேவதர்ஷினி. அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவள் கட்டைவிரல் நின்றது.

“நீங்க இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் பேசாம இருங்க. நாளைக்குக் காலையில பத்தரைக்கு ஆய்வு முடிஞ்சுடும். முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்கு வந்து எல்லாத்தையும் ஒத்துக்கறேன். எழுதிக் குடுக்கறேன். என்னை உள்ள போடட்டும்.” அவர் தேவதர்ஷினியிடம் பேசினாலும், பார்வை முஸ்தபா பாயின் குடைக் கொக்கியிலேயே இருந்தது. வெள்ளைக் கை உயர்ந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதல் துளிரின் இரு பக்கமும் வந்து, இன்னும் அழுத்தாமல் நின்றன. “செத்துட மாட்டாங்க. கிள்ளினா பத்து நாள்ல திரும்பி வந்துடுவாங்க. எனக்குத் தெரியும்.”

பாய் குடையைத் தளர்த்தினார். கிளை ஒரு விரல் அளவு மேலே எழும்பியது.

“விட்டுடாதீங்க பாய்,” என்றார் நர்மதா. “இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்களேன்.”